மீள்வதற்கு ஒரு கூட்டம்

இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு
(பெயர் வெளியிடாததன் காரணம் கட்டுரையின் முடிவில் உள்ளது)

"குடி குடியைக் கெடுக்கும்!"

இந்த மூன்று சொற்களை அறியாத தமிழர் எவரும் இரார். பள்ளிச் சுவரில் படித்திருக்கிறோம். பேச்சுப் போட்டி மேடைகளில் முழங்கியிருக்கிறோம். வள்ளுவர் பெருமான் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்துப் பத்துக் குறட்பாக்களால் எச்சரித்துச் சென்றார். 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததும் அன்றைய நமது சேலம் மாவட்டத்தில்தான். எனவே, குடி தீது என்று சொல்வதற்காக இந்த மலரில் இன்னும் சில பக்கங்களைச் செலவிட நான் விரும்பவில்லை.

நான் எழுத வந்தது வேறு. குடிக்காதே என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் குடியில் விழுந்துவிட்ட ஒருவர், "நான் எழுந்து வர விரும்புகிறேன், எந்த வாசலைத் தட்டுவது?" என்று கேட்டால் விடை சொல்வார் யார்? அந்தக் கேள்வி ஒரு நாள் இரவு எங்கள் வீட்டிலேயே கேட்கப்பட்டது. கேட்டவர் என் தந்தை. பட்டப்படிப்புக்குள் முதன்முதலாகக் காலடி வைத்த பிள்ளை என்பதால், எங்கள் வீட்டில் எந்தக் கேள்வி எழுந்தாலும் அது என்னிடம்தான் வரும். ரேஷன் அட்டை விண்ணப்பமானாலும் மருத்துவர் எழுதிய சீட்டானாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு விடை தெரியவில்லை. தேடித் தெரிந்துகொண்டதை என் போன்ற மற்றவர்க்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடி ஒரு நோய்

என் தந்தை விசைத்தறித் தொழிலாளி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கைத்திறன் மிக்கவர், அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுப் போடுவார். அத்தகைய கை, காலையில் ஒரு குவளைத் தண்ணீரைச் சிந்தாமல் பிடிக்க முடியாமல் நடுங்கிய நாட்களை நான் பார்த்திருக்கிறேன். "இவருக்கு மனவுறுதி இல்லை" என்றுதான் உறவினர் அனைவரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் மருத்துவ உலகம் அவ்வாறு சொல்லவில்லை. மதுவுக்கு அடிமையாதல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் இடம்பெற்றுள்ள ஒரு நோய். 2019ஆம் ஆண்டு வெளியான நடுவண் அரசின் தேசிய ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் மதுவுக்கு அடிமையானவர்கள் என்று கணக்கிட்டது. அவர்களுள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றவர் என்றும் அது கூறியது. மற்ற 37 பேர்? அவர்கள் நம் தெருக்களில், நம் வீடுகளில் இருக்கிறார்கள்!

அறிவியல் மாணவர் என்ற முறையில் ஒரு விளக்கம். மூளையைத் தூண்டும் வேதிப்பொருள்கள் உண்டு. அடக்கும் வேதிப்பொருள்களும் உண்டு. இவ்விரண்டும் தராசின் இரு தட்டுகள் போலச் சமநிலையில் இருக்கின்றன. மது அடக்கும் தட்டில் எடையைக் கூட்டுகிறது. நாள்தோறும் இவ்வாறு நடந்தால், மூளை தன்னைக் காத்துக்கொள்ளத் தூண்டும் தட்டில் எதிர் எடையை வைத்துச் சமன் செய்துகொள்கிறது. இந்நிலையில் ஒரே நாளில் மதுவை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? தூண்டும் தட்டு சடாரென்று கீழே இறங்கும். கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தோன்றும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களில் இல்லாத உருவங்கள் தெரிந்து, நினைவு தடுமாறும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

ஆகவே நண்பர்களே, முதல் வாசல் மருத்துவமனையே! பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவரை வீட்டில் அறைக்குள் பூட்டிவைத்துத் "திருத்த" முயல்வது அறியாமை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கு நடுக்கத்திற்கும் வலிப்பிற்கும் மருந்து தந்து, தயமின் என்னும் வைட்டமின் பி1 செலுத்தி, பாதுகாப்பாகக் குடியை நிறுத்த வைக்கிறார்கள். என் தந்தை அவ்வாறுதான் நிறுத்தினார்.

இன்னோர் எச்சரிக்கையும் இங்கே தேவை. "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள்" என்னும் விளம்பரங்களைப் பேருந்து நிலையச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். மது ஈரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாறுகிறது. பின்னர் அதுவும் சிதைந்து வெளியேறுகிறது. அந்த இரண்டாவது வேலையைத் தடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து ஒன்று உண்டு. அதை உட்கொண்டவர் குடித்தால் நச்சு உடலில் தேங்கி, முகம் சிவந்து, வாந்தியும் மூச்சுத் திணறலும் வரும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். நோயாளியின் சம்மதத்துடன் மருத்துவர் கண்காணிப்பில் தர வேண்டிய மருந்து அது. பெயர் தெரியாத பொடியைச் சோற்றில் கலப்பது, அதில் எந்த மருந்து இருந்தாலும், அன்பின் செயல் ஆகாது. என் அன்னையும் ஒருமுறை அப்படி ஒரு பொடி வாங்கி வந்தார். கலப்பதற்கு முன் அதை நான் கீழே கொட்டினேன்.

தொலைபேசியில் பிறந்த ஓர் இயக்கம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் மருத்துவர் என் தந்தையிடம், "உடம்பில் இருந்ததை நாங்கள் எடுத்துவிட்டோம். மனதில் இருப்பதற்கு வாரந்தோறும் கூட்டத்திற்குப் போங்கள்" என்றார். என்ன கூட்டம்? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கட்சிக் கூட்டமும் சங்கக் கூட்டமும்தான்.

அவர் குறிப்பிட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். "பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்" என்பது அதன் பொருள். அதன் பிறப்பு ஒரு சுவையான வரலாறு.

1935ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஆக்ரன் என்னும் நகரம். நியூயார்க்கிலிருந்து வணிக வேலையாக வந்திருந்த பில் வில்சன் என்பவர் ஒரு விடுதியின் முன்கூடத்தில் நின்றிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோல்வியில் முடிந்திருந்தது. ஒரு பக்கம் மது அருந்தும் அறையிலிருந்து சிரிப்பொலி. மறுபக்கம் தேவாலயங்களின் முகவரிப் பலகையும் தொலைபேசியும். அவர் தொலைபேசியை எடுத்தார். "பேசுவதற்கு எனக்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும்" என்பதே அவர் தேடலாக இருந்தது. அந்தத் தேடல் அவரை டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தது. அம்மருத்துவரும் குடியால் தொழிலை இழந்துகொண்டிருந்தவர். கால் மணி நேரம் மட்டும் பேசலாம் என்று வந்தவர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஜூன் 10ஆம் நாள் டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள். அதுவே இயக்கம் தோன்றிய நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இதில் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. பில் வில்சன் பிறரைத் திருத்தப் போகவில்லை; தான் குடிக்காமல் இருப்பதற்காகவே இன்னொருவரைத் தேடினார். மருத்துவரான டாக்டர் பாபுக்கு மதுவின் கேடுகளைப் பற்றி எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அறிவுரை செய்யாததை, "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்ற ஒரு சொல் செய்தது. கூட்டத்தின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் இவ்வியக்கம் உள்ளது. இந்தியாவிற்கு 1957இல் வந்தது. இதனால் பயன் உண்டா என்று அறிவியல் கண்கொண்டும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேரைக் கொண்ட 27 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. முறையாக இக்கூட்டங்களோடு இணைத்துவிடப்பட்டவர்கள், பிற உளவியல் சிகிச்சைகளைப் பெற்றவர்களைவிட அதிக அளவில் குடியை முற்றாக விட்டு நிலைத்திருந்தார்கள் என்று அது கண்டது. எல்லோரும் மீண்டுவிடுவார்கள் என்று இதற்குப் பொருளன்று. வேறு வழிகளைவிடக் குறைந்ததன்று, பலருக்குச் சிறந்தது என்பதே பொருள்.

கூட்டத்தில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறை, அல்லது தேவாலயத்தை ஒட்டிய ஒரு கூடம். இடம் எவருடையதாயினும் குழு எந்த மதத்தையும் கட்சியையும் சார்ந்ததன்று. பத்து இருபது நாற்காலிகள், ஒரு மேசை, தேநீர். சிறிது நேர மௌனத்துடன் தொடங்குகிறது. பின்னர் ஒருவர் எழுந்து தம் பெயரில் முன்பாதியை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தம் கதையைச் சொல்கிறார். எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன். அவ்வளவுதான். இடையில் எவரும் குறுக்கிடுவதில்லை, கேள்வி கேட்பதில்லை, தீர்ப்புக் கூறுவதில்லை. பேச விருப்பமில்லாதவர் பேசாமலே இருக்கலாம். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கட்டணம் கிடையாது, கையெழுத்து இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி. இறுதியில் ஒரு பை சுற்றி வரும். அதில் உறுப்பினர்கள் இயன்றதைப் போடுவார்கள். வாடகைக்கும் தேநீருக்கும் அது. வெளியார் தரும் நன்கொடையை இவ்வியக்கம் ஏற்பதில்லை. கொடுப்பவர் சொல்வதைக் கேட்கவேண்டி வரும் அல்லவா!

கூட்டங்கள் இரு வகை. திறந்த கூட்டத்திற்குக் குடும்பத்தினர், மாணவர், ஆர்வமுள்ள எவரும் போகலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டுமே உரியது. இந்த வேறுபாடு தெரியாமல் முதல் நாள் வாசலில் நான் விழித்துக்கொண்டு நின்றதுண்டு.

நாங்கள் சென்ற மூன்று கூட்டங்கள்

முதற்கூட்டம் நகரின் நடுவில், ஞாயிறு காலையில். வந்தவர்கள் நல்லவர்கள், அன்பாக அழைத்து அமர வைத்தார்கள். ஆனால் பேச்சில் பாதி ஆங்கிலம். அலுவலகம், பதவி உயர்வு, விமானப் பயணம் என்று கதைகள் ஓடின. என் தந்தை வேட்டி முனையைப் பிடித்தபடி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது பேருந்தில், "அவங்க விழுந்தது மாடியில இருந்து கண்ணு. நான் விழுந்தது திண்ணையில இருந்து" என்றார். அந்த வாரமே மறுபடியும் குடித்தார்.

இங்குதான் நான் பெரும் பிழை செய்ய இருந்தேன். "கூட்டமும் பயன்படவில்லை" என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு மருந்துக் கடையில் ஒரு மாத்திரை கிடைக்கவில்லை என்றால், மருத்துவமே பொய் என்றா சொல்வோம்? மருத்துவமனைச் சமூகப் பணியாளர்தான் அதை எனக்கு எடுத்துச் சொன்னார். "கூட்டத்தை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு" என்றார்.

இரண்டாவது, மருத்துவமனையிலேயே நடக்கும் கூட்டம். மீண்டவர்கள் வெளியிலிருந்து வந்து உள்நோயாளிகளுடன் பேசிச் செல்வார்கள். தமிழ்தான், கதைகளும் எங்கள் தெருக் கதைகளே. ஆனால் அது செவ்வாய் மாலை நான்கு மணிக்கு. தறி ஓடும் நேரத்தில் விட்டு வந்தால் அரை நாள் கூலி போகும். மூன்று வாரம் போனார். நான்காவது வாரம் பட்டறை முதலாளி முகம் சுளித்தார். நின்றுவிட்டது.

மூன்றாவது, பேருந்து நிலையத்திற்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறை. சனிக்கிழமை மாலை ஆறரை மணி. சிறு பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஓட்டுபவர், டீக்கடை மாஸ்டர், ஓய்வு பெற்ற ஓர் அலுவலர் என்று எல்லோரும் கலந்திருந்தார்கள். அங்கு சொல்லப்பட்ட கதைகளை நான் எழுதக்கூடாது. அவை அந்த அறைக்கு உரியவை. என் தந்தையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒருவர் பேசி முடித்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஏளனச் சிரிப்பன்று. ஒளித்து வைத்த பாட்டிலை ஒளித்தவரே தேடி அலைவதைக் கேட்டு, "அட, இது நான்தானே!" என்று உணர்ந்த சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

சனிக்கிழமை தறித் தொழிலாளிக்குக் கூலி நாள். ஐந்து மணிக்குக் கையில் பணம் வரும். பட்டறையிலிருந்து பேருந்து நிலையம் போகும் வழியில் மதுக்கடை. வாரத்தின் மிகக் கடினமான இரண்டு மணி நேரம் அதுதான். அந்த நேரத்திலேயே கூட்டம் அமைந்தது எங்கள் நற்பேறு. "கடையத் தாண்டுனா கூட்டம், கூட்டத்தத் தாண்டுனா வீடு" என்று அப்பா வழியைச் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டார். இன்றுவரை அந்த வழியேதான் வருகிறார்.

ஏற்ற கூட்டத்தைத் தேர்வது எப்படி?

எங்கள் அனுபவத்தையும், கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, மொழி. எந்த மொழியில் அவர் சண்டை போடுகிறாரோ, அழுகிறாரோ, அந்த மொழியில் நடக்கும் கூட்டமே அவருக்கு ஏற்றது.

இரண்டாவது, நேரம். அவர் வழக்கமாகக் குடிக்கும் நாளும் நேரமும் எது என்று பாருங்கள். இயன்றவரை அந்த நேரத்திலேயே நடக்கும் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கூலி கெடும் நேரத்தில் வைத்தால் எந்தத் தொழிலாளியாலும் தொடர இயலாது.

மூன்றாவது, தூரம். இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய சிறந்த கூட்டத்தைவிட, நடந்து போகக்கூடிய சாதாரணக் கூட்டம் மேல். ஆனால் தம் தெருக்காரர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம் உள்ளவருக்கு, தொடக்கத்தில் சற்றுத் தள்ளியிருக்கும் கூட்டமே நல்லது. அருகில் கூட்டமே இல்லாத ஊராரும் கவலைப்பட வேண்டாம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது பரவிய கைப்பேசிவழிக் கூட்டங்கள் இன்றும் நடைபெறுகின்றன.

நான்காவது, உடன் அமர்பவர்கள். தம்மைப் போன்ற ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். பெண்களுக்கு இது மிகவும் தேவை. குடிநோய் பெண்களுக்கும் உண்டு. நாணத்தால் அது வெளியே வருவதில்லை. ஆண்கள் நிறைந்த அறையில் ஒரு பெண் மனம்விட்டுப் பேசுவது அரிது. பெண்களுக்கென்றே நடக்கும் கூட்டங்கள் பெருநகரங்களிலும் கைப்பேசி வழியாகவும் உள்ளன. கேட்டால் சொல்வார்கள்.

ஐந்தாவது, கடவுள் பற்றிய கேள்வி. இவ்வியக்கத்தின் பன்னிரண்டு படிகளில், நம்மைவிட மேலான ஒரு சக்தியை நம்புவது பற்றிய பேச்சு வருகிறது. என் தந்தை கோயில் வாசலை மிதிக்காத பகுத்தறிவாளர். முதலில் இது அவருக்கு இடறியது. அந்தச் சக்தி எது என்பதை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்று விளக்கினார்கள். அவர் அந்த வகுப்பறைக் கூட்டத்தையே தம்மைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டார். அப்படியும் மனம் ஒப்பாதவர்களுக்கு, 1994இல் அமெரிக்காவில் தோன்றிய ஸ்மார்ட் ரிகவரி போன்ற, சமயச் சார்பின்றி உளவியல் பயிற்சிகளை மட்டும் கொண்டு இயங்கும் அமைப்புகளின் இணையவழிக் கூட்டங்களும் உண்டு.

ஆறாவது, விலகவேண்டிய அடையாளங்கள். கட்டணம் கேட்டால், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால், நிச்சயமாகக் குணமாகும் என்று உறுதி தந்தால், மதத்திற்கோ கட்சிக்கோ ஆள் சேர்த்தால், அங்கே கேட்ட கதை தெருவில் உலவினால், அந்தக் கூட்டத்தை விட்டு வேறு கூட்டம் தேடுங்கள்.

ஏழாவது, பொறுமை. முதல் கூட்டத்தில் எவருக்கும் ஓட வேண்டும் என்றுதான் தோன்றும். ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லாமல், பல முறை, பல கூட்டங்களுக்குச் சென்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எது ஏற்ற கூட்டம் என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. வீடு திரும்பும்போது அவர், "அடுத்த வாரம் எத்தனை மணிக்கு?" என்று தாமாகக் கேட்டால் அதுவே அவர் கூட்டம்!

சரி, கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படி அறிவது? அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான எண் 14416. இவ்வியக்கத்தின் இந்திய இணையதளத்திலும் ஊர்வாரியான பட்டியல் கிடைக்கும். புறப்படுமுன் தொலைபேசியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இடமும் நேரமும் மாறியிருக்கலாம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவர் பூட்டிய கதவைக் கண்டால், திரும்பும் வழி மதுக்கடை வழியாகவே இருக்கும்.

குடும்பத்தார்க்கும் கூட்டம் உண்டு

இதை எனக்கு எவரும் முன்பே சொல்லவில்லையே என்று வருந்துகிறேன். குடிநோயாளியின் மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்காக அல்-அனான் என்று ஓர் அமைப்பு உள்ளது. 1951இல், பில் வில்சனின் மனைவி லோயிஸ் அவர்கள் தோழி ஒருவருடன் சேர்ந்து தோற்றுவித்தது. இளையோருக்கென அலட்டீன் 1957இல் தோன்றியது.

நோயாளி குடியை எண்ணிக்கொண்டிருப்பது போல, நாங்கள் அவரை எண்ணிக்கொண்டிருந்தோம். தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டால், அது எந்த நடை என்று நானும் அம்மாவும் காதைத் தீட்டிக்கொள்வோம். பருவத் தேர்வுக்கு முந்தைய இரவும் அப்படித்தான் கழிந்தது. அவர் குடிப்பதற்கு நான்தான் காரணமோ, கல்லூரிக் கட்டணச் சுமைதான் காரணமோ என்று நான் அழுததுண்டு. அக்கூட்டத்தில் கற்றுக்கொண்டது இதுதான்: அவர் நோயை நான் உண்டாக்கவில்லை, அதை நான் அடக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. என்னால் முடிந்தது என் வாழ்க்கையை நான் வாழ்வதும், அவருக்கு வழி காட்டுவதுமே. இந்த மூன்றையும் மனம் ஏற்றுக்கொண்ட பருவத்தில்தான் நான் நிலுவைப் பாடங்களை எழுதித் தேறினேன்.

மறுபடியும் விழுந்தால்?

விழுந்தார். நான்கு மாதம் நன்றாக இருந்தவர், தீபாவளி போனஸ் வாங்கிய அன்று குடித்தார். அம்மா ஒரு சொல்லும் பேசாமல் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். பண்டிகை நாளில் எங்கள் வீட்டில் விளக்கு எரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் கூட்டத்திற்குப் போக வெட்கப்பட்டார். "எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போவேன் கண்ணு?" என்றார். வாசல் வரை நான் உடன் போனேன். உள்ளே எவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். இன்னொருவர் தேநீரை நீட்டினார். ஒரு கூட்டம் நமக்கு ஏற்றதா என்பதற்கு நான் முன்பு சொன்ன அனைத்தையும்விடப் பெரிய சோதனை இதுவே. வென்று வருபவரை வரவேற்க உலகம் முழுவதும் ஆள் உண்டு. தோற்றுத் திரும்புபவருக்கு நாற்காலி போடும் இடம் எதுவோ, அதுவே மீள்வதற்கான இடம்.

அன்று அவர் மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கொண்டே இருக்கிறார்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் வீட்டிலும் இந்த நோய் இருக்கலாம். விடுதி அறையில் விளையாட்டாகத் தொடங்கும் நம்மவரும் இருக்கிறார்கள். கேலி செய்யாதீர்கள். "இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது, துணைக்கு நான் வருகிறேன்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த ஒரு சொல் வந்து சேர ஆண்டுகள் ஆயின.

பேராசிரியப் பெருமக்களே! திங்கட்கிழமைதோறும் முதல் மணிக்குத் தூங்கி விழும் மாணவர், ஞாயிறு இரவு எங்கே எப்படிக் கழித்தார் என்று ஒருமுறை தனியே அழைத்துக் கேளுங்கள். என்னை ஒருவர் அப்படிக் கேட்டார். அதனால்தான் நான் இன்னும் இக்கல்லூரியில் இருக்கிறேன்.

பெயர் வெளியிடாததற்குக் காரணம் சொல்வதாகக் கூறியிருந்தேன். அச்சு ஏடுகளில் உறுப்பினரின் அடையாளம் வெளிவரக்கூடாது என்பது இவ்வியக்கத்தின் மரபு. என் பெயர் தெரிந்தால் என் தந்தை யார் என்பது தெரிந்துவிடும். மலர்க்குழுவினர் அதை உணர்ந்து இசைந்தார்கள்; அவர்களுக்கு என் நன்றி.

இதை எழுதி முடித்த அன்று இரவு, அப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். தீபாவளியன்று விளக்கு எரியாத இடம் வந்தபோது நிறுத்தினேன். "வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் அப்பா" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "இருக்கட்டும் கண்ணு. விழுந்தவன் எவனாவது படிப்பான்" என்றார். பிறகு எழுந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை.

"நாளைக்கு ஆறரைக்குத்தானே?" என்று கேட்டார்.